சோக்கைத் தொடும் முன் பம்பைக் கேளுங்கள்

பழைய கார் காலையில் கிளம்பவில்லை என்றால் எல்லோருடைய கையும் முதலில் சோக்குக்குத்தான், அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் இழுபிடிக்குத்தான் போகிறது. பனி உறையும் இங்கிலாந்துக் காலைக்கு அது சரி. சிங்கப்பூரில் விடியற்காலையிலும் 24, 25 டிகிரி வெப்பம். இங்கே குளிர்ந்துபோன எஞ்சின் கிடையாது. நெடுநாள் நின்றுபோன எஞ்சின்தான் உண்டு. இது புரியாமல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் நல்ல கார்புரேட்டர்களைத் திருகித் திருகிக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

பழைய கார்களுக்கென இங்கே இருக்கும் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் அது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கிடக்கும். மேல்தளம் என்றால் வெயில் வேறு. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணமான மிதவை அறையில் நிற்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் போய்விடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருக்கும் எஸ்யூ கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால், பெட்ரோல் வரும் சிறு குழலான ஜெட் கீழே இறங்கி, ஊசியைச் சுற்றிப் பெட்ரோல் வரும் வழி அகலமாகிறது. அறையே வறண்டிருக்கும்போது வழி அகலமாகி என்ன பயன்? பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பதும் வீண்தான். மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் சில கார்புரேட்டர்களில் உண்டு, இதில் இல்லை.

அக்காள் மகனிடம் 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 இருக்கிறது. காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது, ஓடிச் சூடானபின் சிவப்பு விளக்கில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டான். நான் போனபோது சோக்கை முழுதாக இழுத்துப் பிடித்திருந்தான்.

“இன்னும் இழுக்கட்டுமா மாமா?”

“உள்ளே தள்ளு. சாவியை மட்டும் திருப்பு. ஸ்டார்ட்டர் வேண்டாம். காதைக் கொடு.”

இந்தக் காரில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று வேகமாக அடித்து, பின் தளர்ந்து, மிதவை அறை நிரம்பியதும் தானே ஓய்ந்துவிடும். ஓய்ந்தபின் கிளப்பினால் போதும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. அல்லது மிதவையின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. வாடை வந்தால் உடனே சாவியை அணையுங்கள். மருமகனின் பம்ப் ஒழுங்காக ஓய்ந்தது. சோக்கைச் சற்றே இழுத்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டது. காலைப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது.

நின்றுபோகும் பிரச்சினை வேறு வகை. ஒரு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி நிற்கும் அந்த நிமிடத்தில் பெட்ரோல் இல்லையா, அதைப் பற்றவைக்கும் மின்பொறி இல்லையா என்று பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது. ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அதனால் ஓட்டிக்கொண்டே போனோம். அப்பர் தாம்சன் சாலை நெரிசலில் ஊர்ந்து சூடேறியதும் எஞ்சின் தடுமாறி நின்றது. ஓரமாகத் தள்ளி பானெட்டைத் திறந்தோம். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓரிரு முறை அடித்து ஓய்ந்தது. பெட்ரோல் இருக்கிறது. கையோடு கொண்டுபோயிருந்த ஸ்பார்க் பிளக்கை வயரில் மாட்டி, கார்புரேட்டரை விட்டுத் தள்ளி எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துச் சுழற்றச் சொன்னேன். நீலமாகப் பளிச்சிட வேண்டிய பொறி மெலிந்து மஞ்சளாக வந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கருகியிருந்தது. பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு மின்பாகமான கன்டென்சர்தான் காரணம். சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் கன்டென்சர், நல்ல கார்புரேட்டர் மீது பழிபோட்டுவிடும். மாற்றிவிட்டு, பாயின்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தோம். அதே சாலையில் திரும்பி வரும்போது எந்த விளக்கிலும் நிற்கவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் புது கன்டென்சர்கள் எல்லாவற்றையும் நம்ப முடியாது. நன்றாக ஓடும் பழையது ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள்.

அதே சோதனையில் பம்ப் வேலைப்பளு இல்லாததுபோல் படபடவென்று அடித்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று பொருள். இந்த எஞ்சினில் புகை வெளியேறும் குழாய்க்கு நேர் மேலே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. இடையில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகட்டைப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து தேடிப் பொருத்துங்கள். காப்பி குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் வந்து கிளப்பினால் மறுக்கும் கோளாறும் இந்தச் சூட்டால்தான்: மிதவை அறையில் கொதித்த பெட்ரோல் உள்ளே வழிந்து எஞ்சினை மூழ்கடித்திருக்கும். சோக்கு கூடாது. பெடலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள்.

மருமகனின் காரில் இன்னும் ஒரு குறை மிச்சம். நின்றபடி ஓடும்போது சீற்றம்போல் மெல்லிய ஒலி. பெடலை மிதித்தால் திரும்பும் திராட்டில் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. தேய்ந்த துளை வழியே காற்று புகுந்து கலவையை மெலிதாக்குகிறது. எஸ்யூ கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை ஊசிமுனையால் 0.8 மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கினேன். கலவை சரியாக இருந்தால் வேகம் சற்று ஏறி அமரும். இவனுடையது உடனே தளர்ந்தது. கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டைத் திருகி இதை மறைத்துவிடலாம். ஆனால் காற்று புகுவது நிற்காது. ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் தடுமாறும். துளையை அகலமாக்கி, புஷ் என்னும் உலோக வளையம் போட வேண்டும். அந்த வேலையை காக்கி புக்கிட்டில் தெரிந்த ஒரு கடைசல்காரரிடம் கொடுக்கப்போகிறோம். அதுவரை அந்த நட்டில் யாரும் ஸ்பேனர் வைக்கக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.