ஆழம் தெரியாமல் காலை விடாதே

பழக்கமில்லாத நீரில் இறங்குகிறவர் முதலில் கோலை ஊன்றியோ, ஒரு காலை மட்டும் மெல்ல வைத்தோ ஆழம் பார்ப்பார். மறுகால் கரையிலேயே இருக்கும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியின் பொருள் முழுவதும் அந்த மறுகாலில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இறங்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. திரும்ப வழி இருக்கும்போதே அளந்துகொள் என்கிறது. 'எண்ணித் துணிக கருமம்' என்னும் 467ஆம் குறளும் துணிவைத் தடுக்கவில்லை, எண்ணுவதை முன்னால் வைக்கிறது, அவ்வளவே.

நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் பாக்கி முழுவதும் தம் தலையில் விழக்கூடும் என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமலேயே பலர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டு விழிப்பவரைப் பார்த்து 'ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டான்' என்பதும் வழக்கில் உண்டு. அது வெறும் குத்தல், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. 'ஆளை ஆழம் பார்க்கிறான்' என்பதோ, ஒருவர் மனத்தில் இருப்பதைப் பேச்சுக் கொடுத்துக் கறக்க முயல்வதைக் குறிக்கும். அதில் எச்சரிக்கையைவிடத் தந்திரமே மிகுதி.