பாதியில் நின்ற பத்திரிகை

"இது வேண்டாம், கட்டுல சேர்த்துராதப்பா" என்று பையனிடம் சொல்லிக்கொண்டே மேலமாசி வீதி அச்சகத்து அண்ணன் ஒரு தாளைக் கிழித்துப் போட்டார்.

காதுகுத்துப் பத்திரிகை. "தாய்மாமன்" என்பதோடு அச்சு நின்றிருந்தது, பெயரைக் காணோம். நம்ம ஊரில் மாமன் பெயர் இல்லாத பத்திரிகை வெளியே போனால் என்ன ஆகும்!

நம் உடம்பின் செல்லுக்குள்ளும் இப்படிக் கிழித்துப் போடும் வேலை நடக்கிறது. புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்தான் எம்ஆர்என்ஏ. அதில் 'இங்கே நிறுத்து' என்னும் குறி முன்கூட்டியே விழுந்துவிட்டால் புரதம் அரைகுறையாகத்தான் வரும்.

அதைக் கண்டுபிடிக்கிற விதம்தான் அருமை. எம்ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக ஒட்டும்போதே பெரும்பாலான ஒட்டுகளுக்குச் சுமார் 20 எழுத்து முன்னால் ஒரு புரதக் கூட்டம் உட்கார்ந்துகொள்ளும். புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் இழையை முதல் தடவை வாசித்துப் போகும்போது அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே போகும். அது வழியிலேயே நின்றுவிட்டால் அதற்கு அப்பால் இருப்பவை அப்படியே கிடக்கும். அதுதான் துப்பு. யுபிஎஃப்1 என்ற புரதம் அங்கே வந்து வெட்டும் நொதிகளைக் கூப்பிட, இழை துண்டாகி அழிந்துவிடும்.

சரி, குறி கடைசித் துண்டில் விழுந்தால்? அதற்கப்பால் ஒட்டே இல்லை, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும்.

பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயில் இது வினையாகிறது. வழக்கமாக அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட மரபணு வந்தால்தான் நோய் கடுமையாகும். ஆனால் கடைசித் துண்டில் இப்படிக் குறி விழுந்தால், அழியாமல் தப்பிய அரைகுறைப் புரதம் சிவப்பணு உருவாகும் இடத்திலேயே சேர்ந்து கெடுப்பதால், ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வந்துவிடலாம்.