48 கிலோ

ஜூலை 29, 2024
ஸ்கேன் எடுத்தாச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 31
மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டது. கரையோரத்துப் பையன்கள் யாரும் பாக்ஸிங் பயிற்சிக்கு வரவில்லை. 48 கிலோப் பிரிவில் இறங்கப்போகிறவன், நாற்பத்தெட்டு என்றுதான் கூப்பிடுவேன், அவன் மட்டும் வந்தான். மெஷினில் 49.3 காட்டுகிறது. ராத்திரி புரோட்டா தின்றாயா என்றேன். "இல்லீங்க மாஸ்டர்." முகத்தைப் பார்த்தால் தெரியாதா! அவன் அம்மாவிடம் கொள்ளு ரசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். இவன் எங்கே கொழுத்தான், வளர்கிறான். பதினைந்து வயசில் எலும்பு நீளத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 1
பாரிஸ் ஒலிம்பிக் பாக்ஸிங்கில் நிகத் ஜரீன் தோற்றுவிட்டார். இடது கையைச் சும்மா மடியில் வைத்தால் கட்டைவிரல் ஆடுகிறது. டம்ளரைத் தூக்கினால் நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 3
ஆடிப் பதினெட்டு. ஆற்றுப் பக்கம் போகவில்லை. வீட்டுக்காரி குழாயடியிலேயே பூ வைத்துக் கும்பிட்டாள். மஞ்சள் கரைத்த சொம்பை என் மூக்குக்கு நேரே நீட்டி, "வாசம் வருதுங்களா?" என்றாள். டாக்டர் கேட்ட கேள்வியை இவள் விடுவதாக இல்லை. வருது என்றேன்.

ஆகஸ்ட் 4
நடுராத்திரி வரை விழித்திருந்து நிஷாந்த் தேவ் சண்டையைப் பார்த்தேன். முதல் ரவுண்டு அவருடையது. கடைசியில் 1-4. அந்த நடுவர்களை உட்காரவைத்து ஒருமுறை கேட்கணும்.

குஸ்திக்குப் போன பிறகு எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. யார் ஜெயிப்பது என்று சாயங்கால டீயிலேயே முடிவாகிவிடும். பொய்ச் சண்டைக்குப் போய்ட்டான் என்று பாக்ஸிங் சேக்காளிகள் சிரித்தார்கள். முடிவுதான் பொய், பலகை பலகைதான். மல்லாக்க விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டணும், இரண்டு கையாலும் தரையை அறையணும், மூச்சை விட்டுடணும், பிடரி படவே கூடாது. வேறெதையும் தொடும் முன் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பாக்ஸிங்கில் எனக்கு விழ யாரும் சொல்லித்தரவில்லை. தலையில் வாங்கிக்கொண்டு நிற்பவனுக்குத்தான் கைதட்டல். நான் நன்றாக நிற்பேன்.

1980ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது லாரி ஏறிப் போய்ப் பார்த்தேன். எம்.ஜி.ஆரும் இருந்தார். 1984ல் அலிக்கு நடுக்கு வாதம் என்றார்கள். அடியால்தான் வந்தது என்று டாக்டர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னதில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6
தலைக்கு அடி கிடையாது என்று சொல்லிவிட்டேன், உடம்புக்கு மட்டும். அப்புறம் மெத்தை மேல் பவானி ஜமக்காளத்தை விரித்து ஒவ்வொருத்தனாக விழச் சொன்னேன். "மாஸ்டர், போட்டிக்கு நாலு நாள்தானுங்க இருக்குது." தெரியும்டா. விழு.

ஆகஸ்ட் 7
ஒலிம்பிக் குஸ்தியில் வினேஷ் போகாட். எடை 100 கிராம் கூடுதல் என்று நீக்கிவிட்டார்கள்.

தறியிலிருந்தே நாற்பத்தெட்டின் அம்மா போன் பண்ணிவிட்டது. "ஏனுங்கண்ணா, அத்தாம் பெரிய புள்ளையவே வெளிய அனுப்பிட்டாங்களாமா?" பின்னால் தறிச் சத்தம், பாதி கேட்கவில்லை. அந்தப் பெண் முடியைக்கூட வெட்டிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் இவன், "மொட்டை அடிச்சுக்கட்டுங்களா?" என்கிறான். 48.6. பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடவிட மாட்டேன், தண்ணீரையும் நிறுத்த மாட்டேன். 50ல் இறங்கட்டும். அதற்காகப் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் பண்ணினால், பேர் கொடுத்தது கொடுத்ததுதான், இனி மாற்ற முடியாதாம். அப்படியானால் வரவில்லை என்று வாய் வரை வந்தது. பையன் எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 8
என் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறதாம், இதை டைப் பண்ணும் பேத்தி சொல்கிறாள். கண்ணாடியை மாத்து கண்ணு என்றேன்.

ஆகஸ்ட் 9
காலையில் 48.2. டோக்கன் பதினொன்றரைக்கு. நாற்பத்தெட்டும் கூட வருகிறேன் என்கிறான், ஆஸ்பத்திரிப் படியை ஏறி இறங்கினால் குறையுமாம். வீட்டுக்காரி முறைக்கிறாள். வரட்டும். ஃபைலை அவனே தூக்கட்டும்.