ஸ்லைடில் விழாத இலைகள்

கல்லூரியில் ஓவிய வரலாறு எடுக்க ஆரம்பித்த புதிதில், என் கையில் இருந்ததெல்லாம் ஒரு பழைய ஸ்லைடு பெட்டி. அதில் ஹான்ஸ் மெம்லிங் 1470களில் வரைந்த ஓர் ஆணின் படம் உண்டு. மூலம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்புத் தொப்பி, சுருட்டை முடி, விரல்களுக்கிடையே நீரோ மன்னனின் தலை பொறித்த ரோமானிய நாணயம். பின்னால் நீர்நிலை, மரங்கள், வெள்ளைக் குதிரையில் ஒருவன்.

"நாணயத்தைக் காட்டுகிறார், ஆகவே பதக்கம் செய்யும் கலைஞர்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பழைய புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. பின்னணியா? அது அழகுக்கு.

ஒரு நாள் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், அந்த ஊர்ல பனை வளருமா?"

திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தூரத்தில் நிஜமாகவே ஒரு மரம். "பனை இல்லப்பா, பேரீச்சை மாதிரி" என்று சமாளித்தேன். ஆனால் மெம்லிங் வாழ்ந்த ப்ரூஜ் நகரத்துக் குளிரில் பேரீச்சையும்தான் வளராது. அப்படியென்றால் யாரோ கேட்டு வரைய வைத்த மரம்.

நூலகத்தில் பெரிய அச்சுப்படம் கிடைத்தது. கீழ் விளிம்பில் சில லாரல் இலைகள், ரோமானியர் வெற்றி மாலை கட்டிய இலை! பேரீச்சையும் லாரலும் சேர்ந்தால் வெனிஸ்காரர் பெர்னார்டோ பெம்போவின் சின்னம். 1471 முதல் 1474 வரை, அப்போது ப்ரூஜை ஆண்ட பர்கண்டி அரசவையில் தூதராக இருந்தவர், பழம்பொருள் பித்தர். லியனார்டோ டாவின்சி வரைந்த ஜினேவ்ரா தெ பென்சி என்ற பெண்ணின் படத்தின் பின்புறத்திலும் இதே இரண்டும் உண்டு. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது அங்கே பெம்போவின் குறிக்கோள் வாசகமே அடியில் தெரிந்தது.

சரி, ஆனால் நீரோ எதற்கு? கெட்ட பெயர் எடுத்த ராஜா ஆயிற்றே. வகுப்பில் கேட்டேன். "காசு நல்லா இருந்திருக்கும் சார்" என்றாள் ஒருத்தி. நீரோ காலத்து நாணயங்களின் வேலைப்பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டுதான். ஆனாலும் ஆள் பெம்போதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, படத்தில் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அந்த ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைப் பிளேடால் பிரித்தேன். ஃபிலிமில் இலைகள் இருக்கத்தான் செய்தன. இத்தனை நாளும் அட்டை மறைத்திருக்கிறது.