அம்மாவின் அறுபடை வீடு: சக்கர நாற்காலியோடு ஒரு பயணம்

“வீல்சேர் வசதி இருக்கிறதா?” என்று தொலைபேசியில் கேட்டால் எந்த விடுதியிலும் “இருக்கிறது” என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. வரவேற்பறை மூலையில் ஒரு நாற்காலி மடித்து வைக்கப்பட்டிருக்கும், அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நாற்காலி குளியலறைக் கதவில் நுழையுமா, லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி இருக்கிறதா என்பதையெல்லாம் அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. அதனால் நான் வேறு விதமாகக் கேட்கிறேன். “வாசலிலிருந்து அறை வரை மொத்தம் எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குல அகலம்? ஒரு டேப் வைத்து அளந்து படம் எடுத்து அனுப்ப முடியுமா, தம்பி?” கேட்டவுடன் சற்று மௌனம் இருக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அளந்து அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பாத இடத்தில் நாங்கள் தங்குவதில்லை.

அம்மாவுக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபிறகு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடி நடப்பார். ஒரு படி ஏற இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அறுபடை வீடும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. “இந்த நிலையில் எதற்கு அலைச்சல்? வீட்டிலிருந்தே கும்பிட்டால் முருகன் வரமாட்டானா?” என்று சொன்ன உறவினர்கள் பலர். அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் கால் நடக்காமல் போனால் ஆசையும் அடங்கிவிட வேண்டும் என்ற அந்த எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறு வீடுகளும் ஆறு விதமான நிலத்தில் இருக்கின்றன. ஒன்று கடலோரம், ஒன்று குடைவரை, ஒன்று காட்டு மலை, ஒன்று மனிதர் கட்டி எழுப்பிய கட்டுமலை. ஒன்றுக்குப் போட்ட திட்டம் மற்றொன்றுக்கு உதவாது. எனவே ஒரே மூச்சில் ஆறையும் முடிக்கும் பேக்கேஜ் பயணங்களை முதலிலேயே ஒதுக்கினோம். ஒரு நாளைக்கு ஒரு கோயில், அடுத்த நாள் ஓய்வு.

முதலில் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணம் கெடுவது பெரும்பாலும் கோயிலில் இல்லை, குளியலறையில்தான். எங்கள் நாற்காலியின் வெளி அகலம் 25 அங்குலம். சாதாரண விடுதிகளில் குளியலறைக் கதவு பல இடங்களில் 24 அங்குலம்தான். அரசு வகுத்திருக்கும் அணுகல் வழிகாட்டுதல்படி கதவில் 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி, இடைவெளி இருக்க வேண்டும். அந்த மூன்றடியை நட்சத்திர விடுதிகளுக்கு வெளியே நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். வாக்கரோடு அந்த மேட்டைத் தாண்டும் ஒரு நொடியில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். எங்கள் தெருத் தச்சரிடம் சொல்லி, கெட்டியான பிளைவுட்டில் இரண்டடி நீளச் சரிவுப் பலகை ஒன்று செய்துகொண்டோம். மேலே ரப்பர் பாய் ஒட்டியது. கார் டிக்கியில் கிடக்கும். விடுதி மேட்டுக்கும் கோயில் நிலைப்படிக்கும் அது ஒன்றே போதுமாக இருந்தது.

கார் டிக்கி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாடகைக் கார் பேசும்போது சிஎன்ஜி வண்டியா என்று கேட்டுவிடுங்கள். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால் மடித்த நாற்காலிக்கு இடமிருக்காது. கூரைமேல் கட்ட வேண்டிவரும். பெரிய வண்டி சௌகரியம் என்று நினைப்பதும் சரியில்லை. உயரமான வண்டியில் ஏற அம்மாவைத் தூக்க வேண்டும். செடான் காரின் இருக்கை சக்கர நாற்காலியின் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருப்பதால், நகர்ந்தே உட்கார்ந்துவிடுவார்.

ரயிலில் நாங்கள் கடைப்பிடித்த விதி ஒன்றே: ரயில் புறப்படும் நிலையத்தில் ஏறி, முடியும் நிலையத்தில் இறங்குவது. நடுவில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில், குறுகலான கதவு வழியாக, படியும் இடைவெளியும் தாண்டி அம்மாவை இறக்குவது என்னால் ஆகாத காரியம். சென்னை எழும்பூரில் கிளம்பி மதுரையில் முடிகிற பாண்டியன் எக்ஸ்பிரஸ் அதனால்தான் எங்களுக்குப் பிடித்தது. எல்லோரும் இறங்கிய பிறகு நிதானமாக இறங்கலாம். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான ரயில்வே சலுகை பெறத் தகுதி உள்ளவர்கள் அந்த அட்டையை வாங்கிவிடுவது நல்லது. உடன் செல்லும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. “வயதானால் இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டு சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமலேயே பலர் இருந்துவிடுகிறார்கள்.

சிறுநீர் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் அம்மா முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கேட்டால் “தாகமில்லை” என்பார். சித்திரை வெயிலில் இப்படிப் பயணம் செய்தால் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வரும். நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் மேற்கத்தியக் கழிப்பறை இருந்தாலும் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது, எழுந்திருக்க முடியாது. மடக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி, அதைச் சுற்றிப் பிடிக்க இரண்டு பழைய கெட்டிப் போர்வைகளும் வைத்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட்டோம். இந்த ஏற்பாட்டை நேரில் பார்த்த பிறகுதான் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். திட்டத்திலேயே மிக முக்கியமான பகுதி எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

2023 தை முடிந்ததும் சுவாமிமலையில் தொடங்கினோம். கும்பகோணத்தில் சித்தி வீடு இருப்பது காரணம். கட்டுமலை, தமிழ் ஆண்டுகளின் பெயரால் 60 படிகள். நாங்கள் போனபோது படி ஒன்றே வழி. கீழே நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்து, “பாட்டியை நாற்காலியோடு தூக்கிவிடலாமா அக்கா?” என்று கேட்டார்கள். நல்ல மனதோடு கேட்டார்கள். “அம்மாவிடமே கேளுங்கள்” என்றேன். அம்மா வேண்டாம் என்றார். “தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்துவிடுவேனோ என்கிற பயம்தான் இருக்கும். முருகன் நினைப்பு எங்கே வரும்?” என்றார். கீழ்த்தளத்தில் இருக்கும் மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னிதியிலேயே வெகுநேரம் இருந்தார். நான் மட்டும் மேலே போய் அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தேன். இந்த வீடு பார்த்த கணக்கில் சேருமா என்று சித்தி கேட்டதற்கு, “அப்பனையும் ஆத்தாளையும் பார்த்துவிட்டேன், பிள்ளை கோபிக்க மாட்டான்” என்று முடித்துவிட்டார் அம்மா. தூக்குவதா வேண்டாமா என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அதன்பின் எந்தக் கோயிலிலும் நான் அவருக்காகப் பதில் சொன்னதில்லை.

மதுரையை மையமாக வைத்தால் மூன்று வீடுகள் கைக்கெட்டும் தூரம். திருப்பரங்குன்றம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். மலையடிவாரத்தில் இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. குடைவரைக் கருவறை உயரத்தில் இருக்கிறது. கம்பத்தடி மண்டபத்திலிருந்து உள்ளே படிகள் ஏறிப் போக வேண்டும். அதுவரை நாற்காலியில் வரலாம். கொடிமரத்தடியில் நந்தியும் மயிலும் மூஞ்சூறும் ஒன்றாக இருப்பதை வேறு எங்கும் அம்மா பார்த்ததில்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லி, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மேலே ஏற அவரே முடிவெடுத்தார். ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு ஓய்வு. பின்னால் வந்தவர்களுக்கு அவசரம் இருந்தது. ஆனால் காலை முதல் நேரத்தில் போனதால் கூட்டம் குறைவு. மலையில் செதுக்கிய மூர்த்தி என்பதால் இங்கே அபிஷேகம் வேலுக்குத்தான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கினார்.

பழமுதிர்ச்சோலைக்கு அழகர்கோயிலிலிருந்து மேலே சாலை இருக்கிறது. கோயில் சிறியது, வண்டி அருகிலேயே நிற்கிறது. நூபுர கங்கைத் தீர்த்தத்துக்கு இன்னும் மேலே படி ஏற வேண்டும்; அதை விட்டுவிட்டோம். குரங்குகள் மடியில் இருக்கும் பையைப் பிடுங்க வருமென்பதால், நாற்காலியில் இருப்பவர் கையில் பழமும் பையும் கொடுக்க வேண்டாம். அவரால் சட்டென்று விலக முடியாது.

பழனியைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள், ஆனால் மலைக்கோயில்களில் நகர முடியாதவர்களுக்கு மிகப் பழைய காலம் தொட்டு வழி செய்திருக்கும் கோயில் அதுதான். மலைச்சரிவில் தண்டவாளத்தின் மேல் கம்பிவடத்தால் இழுக்கப்படும் பெட்டியான விஞ்ச் 1966 முதல் ஓடுகிறது. ரோப்கார் 2004இல் வந்தது. ரோப்காருக்கு மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கொருமுறை பல வாரங்களும் பராமரிப்பு நிறுத்தம் உண்டு. பலத்த காற்று அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன்பு தேவஸ்தானத்தில் தேதியை உறுதிசெய்ய வேண்டும். நாங்கள் விஞ்சைத் தேர்ந்தெடுத்தோம். நின்றுகொண்டிருக்கும் பெட்டியில் நிதானமாக ஏறி உட்காரலாம். கிரிவலப் பாதையில் இப்போது தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. தேவஸ்தானத்தின் பேட்டரி கார்களில்தான் போக வேண்டும். நம் காரிலேயே விஞ்ச் நிலைய வாசல்வரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் திட்டம் தவறிவிடும். தைப்பூசம், பங்குனி உத்திரம், சஷ்டி, விடுமுறை நாட்கள் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மேலே வெயில் ஏறினால் கல் சுடும். நாற்காலியில் இருப்பவருக்குக் கால் தப்பிக்கும், தள்ளுகிறவருக்குத் தப்பாது.

தள்ளுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சிறிய மேட்டில் ஏற்றும்போது நாற்காலியைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்து முன்சக்கரத்தை முதலில் மேலே வைக்க வேண்டும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். முகம் முன்னோக்கி இருந்தால் அமர்ந்திருப்பவர் சரிந்துவிடுவார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது விதி. பல இடங்களில் ‘ரேம்ப்’ என்று காட்டப்படுவது ஸ்கூட்டர் ஏற்றுவதற்குக் கட்டியது. தெரியாதவர் உதவிக்கு வந்தால் நன்றி சொல்லி, பின்கைப்பிடியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூரில் கடல் இருக்கிறது, அதுதான் மகிழ்ச்சியும் சிக்கலும். தரிசனம் முடித்து, பன்னீர் இலையில் விபூதி வாங்கி, கடலில் கால் நனைக்க வேண்டும் என்றார் அம்மா. மணலில் முன்சக்கரம் புதைந்துவிடும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் கொஞ்ச தூரம் போகலாம். தம்பியும் ஓட்டுநரும் அப்படித்தான் இழுத்தார்கள். பிறகு மணலில் நின்றுபோனது. ஒரு வாளியில் கடல் நீர் எடுத்துவந்து காலில் ஊற்றினோம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை போட்டபோது பலர் சக்கர நாற்காலியில் முதல்முறையாகக் கடலுக்குப் பக்கத்தில் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சரிசெய்யப்பட்டது. திருச்செந்தூர்க் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும். சஷ்டிக்கு லட்சக்கணக்கில் கூடும் கரையில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் மணலின் விளிம்பில் நின்றுவிடுகிறார்கள்!

பழைய கோயிலில் எதுவும் மாற்ற முடியாது என்பார்கள். கல்லை உடைக்கச் சொல்லவில்லை. நிலைப்படிக்கு ஒரு மரச்சரிவு வைக்கலாம், எடுக்கலாம். மலைக்கோயில்களில் மாற்றம் வரத்தான் செய்கிறது: 1,305 படிகள் கொண்ட சோளிங்கருக்கு 2024 மார்ச்சில் ரோப்கார் வந்துவிட்டது, அதே ஆண்டு ஜூலையில் அய்யர்மலைக்கும் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கோயில் வாசலில், எங்கள் நாற்காலிச் சக்கரம் தெருவில் உருண்டு வந்ததென்று உள்ளே விட மறுத்தார்கள். ஈரத் துணியால் துடைத்துக் காட்டிய பிறகு விட்டார்கள். துடைக்கும் துணியை அன்றிலிருந்து பையில் வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் வாசலிலேயே சுத்தமான நாற்காலிகள் இரண்டு இருந்தால் இந்த வாக்குவாதமே இல்லை.

மிச்சம் இருப்பது திருத்தணி. 365 படி என்றாலும் வண்டி மேலே போகும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் போய் வரலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்குச் சம்மதமில்லை. அம்மா குளித்துக் கிளம்பவே ஒன்றரை மணி நேரமாகும். வெயிலுக்கு முன் சன்னிதியில் இருக்க வேண்டுமென்றால் அவரை நடுநிசியில் எழுப்ப வேண்டும். முந்தின நாள் மாலையே போய், அடிவாரத்தில் தரைத்தள அறையில் தங்குவதாக முடிவு. நாளும் பார்த்தாகிவிட்டது: மாசியில், செவ்வாயும் கிருத்திகையும் இல்லாத ஒரு புதன்கிழமை.