மஞ்சளாகும் கீழ் இலைகள்

தாவர உடலியங்கியல் ஆய்வகத்தில் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், கண்ணாடிக் கூடத்துச் செடிகளைப் பராமரிப்பது என் பொறுப்பாக இருந்தது. பீன்ஸ் செடிகளில் விதைகள் முற்றத் தொடங்கிய வாரத்தில் கீழ் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகின. தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைபாடு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, ஊட்டக் கரைசலில் நைட்ரேட்டின் அளவைக் கூட்டினேன். இலைகள் மஞ்சளாவது நிற்கவில்லை. குறிப்பேட்டைப் படித்த மூத்த ஆய்வாளர் என்னைத் திருத்தவில்லை. சில செடிகளில் மட்டும் இளங்காய்களைக் கிள்ளிவிட்டுப் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார். அதே கரைசலில் வளர்ந்தும், காய் கிள்ளிய செடிகளின் இலைகள் வெகுநாள் பசுமையாகவே இருந்தன. தொட்டியில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முற்றும் விதைகளுக்குத் தேவையான நைட்ரஜனில் பெரும்பங்கு பழைய இலைகளிலிருந்தே வருகிறது. இலையின் பச்சை நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களில் உள்ள புரதங்கள் உடைக்கப்பட்டு, அமினோ அமிலங்களாக, உணவைக் கடத்தும் குழாய்த் திசுவான ஃபுளோயத்தின் வழியே விதைக்குப் போய்ச் சேர்கின்றன. ஃபுளோயத்தின் ஓட்டம் அழுத்த வேறுபாட்டால் நிகழ்கிறது என்று 1930-இல் எர்ன்ஸ்ட் மூன்ச் விளக்கினார். சர்க்கரை ஏற்றப்படும் இடத்தில் அழுத்தம் உயர்கிறது, இறக்கப்படும் இடத்தில் குறைகிறது. ஆனால் எந்த உறுப்பு எவ்வளவு வேகமாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதை நான் கண்ணால் கண்டது, மிக எளிய ஒரு சோதனையில். பறித்த புகையிலை இலை ஒன்றை ஈரத்தாளின் மேல் வைத்து, அதன் ஒரு பகுதியில் மட்டும் கைனெட்டின் கரைசலைத் தடவினோம். கைனெட்டின் என்பது 1955-இல் கண்டறியப்பட்ட, செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வகையைச் சேர்ந்த சேர்மம். நாள்கள் செல்லச் செல்ல இலை முழுவதும் வெளுத்தது. தடவிய இடம் மட்டும் ஒரு தீவைப்போலப் பசுமையாக நின்றது. ஜெர்மனியின் ஹாலே நகரில் கர்ட் மோதெஸும் அவருடைய குழுவினரும் இத்தகைய இலைகளில் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அமினோ அமிலங்களைச் செலுத்தியபோது, அவை கைனெட்டின் தடவிய இடத்தை நோக்கி நகர்ந்து அங்கே குவிந்தன. புரதமாக மாற முடியாத ஓர் அமினோ அமிலத்தைக் கொண்டு சோதித்தபோதும் அதுவே நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனெனில், அந்த இடம் புரதத்தை அதிகமாக உருவாக்கியதால்தான் அமினோ அமிலம் அங்கே தேங்கியது என்ற எளிய விளக்கத்துக்கு இந்த முடிவு இடம் தரவில்லை. செல்சுவரில் சுக்ரோஸைப் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியைத் தூண்டுவது சைட்டோகைனினின் வழிகளில் ஒன்று என்பதும், அந்த நொதியைத் தடுத்துவிட்டால் இலையின் மூப்பைத் தள்ளிப்போடும் ஆற்றலை அது இழக்கிறது என்பதும் பின்னர் தெரியவந்தன.

வேரும் இதில் பேசுகிறது. நைட்ரேட் கிடைக்கும்போது வேரில் உருவாகும் சைட்டோகைனின், நீரை மேலேற்றும் குழாய்த் திசுவான சைலத்தின் வழியே மேலேறித் தண்டின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. நைட்ரஜன் குறைந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது, வளர்ச்சியில் வேரின் பங்கு கூடுகிறது. பாஸ்பேட் குறைந்தால் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் பெருகிப் பக்கக் கிளைகளை அடக்குகிறது. வேரிலிருந்து மண்ணுக்குள் கசிந்து, பாஸ்பேட்டைக் கொண்டுவரும் பூஞ்சைகளையும் கிளர்த்துகிறது. ஆனாலும் ஹார்மோனே எல்லாவற்றையும் ஆள்கிறது என்று கொள்வது தவறாகும். நுனியை வெட்டியதும் பக்கமொட்டு விழித்துக்கொள்வதற்கு நுனியிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைவதே காரணம் என்று நெடுங்காலம் கற்பித்தோம். பட்டாணிச் செடியில் செய்து 2014-இல் வெளியான ஆய்வோ, மொட்டை முதலில் எழுப்புவது அங்கே விரைந்து வந்துசேரும் சர்க்கரையே என்று காட்டியது. இங்கே ஊட்டமே செய்தியாகிவிடுகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது தக்காளியின் நுனி அழுகல், அதாவது கால்சியம் போதாமல் காயின் நுனி கறுத்து அழுகும் கோளாறு. கால்சியம் ஃபுளோயத்தில் ஏறத்தாழ நகர்வதே இல்லை; நீராவிப்போக்கு இழுக்கும் பக்கமே சைலத்தில் செல்கிறது. எனவே இலையில் அது தாராளமாக இருக்கும்போதே காயின் நுனி பட்டினி கிடக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைத் தெளித்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, நீரும் அதனோடு கால்சியமும் காயின் பக்கம் கூடுதலாகத் திரும்புகின்றன. அதே மூடல் ஒளிச்சேர்க்கையையும் குறைப்பதால் காய்க்குச் சேர வேண்டிய சர்க்கரை குறையக்கூடும். எந்த அளவில், எத்தனை நாளைக்கு ஒருமுறை தெளிப்பது என்பதற்காகத்தான் இந்தப் பருவத்தில் ஒவ்வொரு செடியிலும் இலையையும் காயின் நுனியையும் தனித்தனியே உலர்த்தி எடைபோட்டு, கால்சியத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.