உசிலம்பட்டித் தோட்டத்து வயர்கார்டும் 17-ஆம் நிமிடமும்

மின்வெட்டுக்குப் பின் தோட்டத்துக் கணினியோடு இணைப்பு எழாமல் மூன்று மாதங்களாக என்னை ஆட்டிவைத்த ஒரு கோளாறு, கடந்த ஞாயிற்றுக்கிழமை 200 ரூபாய்க்கும் குறைவான ஒரு சிறிய மாட்யூலால் தீர்ந்துவிட்டது.

மதுரை திருநகர் வீட்டில் ஒன்று, கோவையில் தங்கை வீட்டில் ஒன்று, உசிலம்பட்டிக்கு அருகே எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் கையளவுக் கணினியான ராஸ்பெரி பை 4 ஒன்று, பொது ஐபி உள்ள வாடகை சர்வர் ஒன்று என மொத்தம் 4 கணினிகள். அனைத்தையும் வயர்கார்டு என்னும் விபிஎன்னால் ஒரே தனி நெட்வொர்க்காகக் கோத்து, கான்ஃபிக் கோப்புகளைக் கையாலேயே எழுதினேன். 4 கணினிகளுக்கு 6 இணைப்புகள்தாம் என்பதால் அது பெரிய வேலையில்லை.

சிக்கல் மின்வெட்டில் தொடங்கியது. மின்சாரம் திரும்பி, பை எழுந்து, 4ஜி ரூட்டரும் இணையத்தைப் பிடித்த பிறகும் டனல், அதாவது சர்வரோடான வயர்கார்டு இணைப்பு, மட்டும் எழாது. சில நாள் மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் சித்தப்பாவை அழைத்துப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொல்வேன். "தம்பி, நாலு தடவ புடுங்கி மாட்டிட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கு" என்பார். அவர் பிடுங்கப் பிடுங்கக் குணமாவது தள்ளிப்போனது என்பதும், அந்த வைத்தியத்தைச் சொன்னவன் நான்தான் என்பதும் பின்னரே விளங்கின.

2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே இருக்கும் வயர்கார்டு, பிடிக்காத பாக்கெட்டுக்குப் பதிலும் சொல்லாது, லாகிலும் வாய் திறக்காது. சர்வரில் கெர்னலைப் பேசவைக்கும் டைனமிக் டீபக்கை இயக்கிய பிறகுதான், தோட்டத்திலிருந்து வரும் ஹேண்ட்ஷேக்கை, அதாவது இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டை, செல்லாது என்று அது நிராகரிப்பது தெரிந்தது. ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் ஒரு நேரமுத்திரை உண்டு. பழைய பாக்கெட்டை ஒருவர் திருப்பி அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, முன்பு கண்டதைவிடப் பிந்திய நேரத்தை மட்டுமே எதிர்முனை ஏற்கும். பை 4-இலோ பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஃபேக் எச்டபிள்யூகிளாக் என்னும் நிரல், மணிக்கு ஒரு முறை நேரத்தைக் கோப்பில் சேமித்து, அடுத்த தொடக்கத்தில் அதையே கடிகாரமாக வைத்துவிடும்.

டனல் எழுந்த நேரங்களை நோட்டில் குறித்துவந்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. என் டெபியன் லினக்ஸில் அந்த நேரச் சேமிப்பு உட்பட, மணிதோறும் தானாக நடக்கும் கிரான் வேலைகள் 17-ஆம் நிமிடத்தில் ஓடுகின்றன. மாலை 5.10-க்கு மின்சாரம் போனால், பை மீண்டும் எழும்போது 4.17 என்று நினைத்துக்கொள்ளும், சர்வரோ 5.09-இன் ஹேண்ட்ஷேக்கை நினைவில் வைத்திருக்கும். பையின் கடிகாரம் அதைத் தாண்ட 52 நிமிடம் காத்திருக்க வேண்டும். 6.20-க்குப் போயிருந்தால் மூன்றே நிமிடம். இடையில் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடியும் சேமித்த நேரத்திலிருந்தே தொடக்கம்.

இணையத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரல் நேரத்தைத் திருத்தியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பையின் டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவையை) டனலுக்குள் இருக்கும் என் சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தேன். நேரம் சரியானால்தான் டனல் எழும், டனல் எழுந்தால்தான் நேர சர்வரின் முகவரி கிடைக்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

பேட்டரியில் ஓடும் கடிகாரமான டிஎஸ்3231 மாட்யூலைத் தேடி டவுன்ஹால் ரோடு பக்கம் போனேன். முதல் கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று டிஎஸ்1307-ஐ நீட்டினார்கள். இரண்டுக்கும் ஐ2சி முகவரி (பை அந்தச் சிப்பை அழைக்கும் எண்) 0எக்ஸ்68 என்பது உண்மைதான்; ஆனால் 1307-க்கு 5 வோல்ட் வேண்டும், வெப்பம் மாறினால் நேரமும் தடம் மாறும், மோட்டார் அறையின் சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. 3231-இல் வெப்பத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகாது. சிப்பின் கால்களை எண்ணிப் பார்த்து, எட்டுக் கால் 1307-ஐ விட்டுப் பதினாறு கால் 3231-ஐ வாங்குவது நல்லது. புதிய கடிகாரத்தைப் பைக்கு அறிமுகப்படுத்தும் ஓவர்லே வரியைச் சேர்த்தேன், ஃபேக் எச்டபிள்யூகிளாக்கை நீக்கினேன், டிஎன்எஸ்ஸையும் ரூட்டருக்கே திருப்பினேன். ஏழு முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். ஏழு முறையும் பை எழுந்த ஒரு நிமிடத்துக்குள் ஹேண்ட்ஷேக் முடிந்தது.

வீடும் தோட்டமும், பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பதால், இரண்டும் சர்வரைச் சுற்றிக்கொண்டுதான் பேசுகின்றன. இதை மெஷ் (எல்லாம் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசும் வலை) என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. அடுத்து, வயர்கார்டு இணைப்புகளைத் தானே ஏற்பாடு செய்யும் ஹெட்ஸ்கேலை நிறுவி, அந்த நாட் (NAT) தடுப்பைத் துளைத்து நேரடி இணைப்புக் கிடைக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். அது வழங்கும் 100.64.0.0/10 முகவரிகளும் சிஜிநாட்டுக்கென ஒதுக்கப்பட்டவையும் ஒன்றே என்பதால், என் 4ஜி ரூட்டரின் வெளிமுகவரியோடு மோதுமா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, ஜம்பர் வயரில் தொங்கிக்கொண்டிருக்கும் மாட்யூலுக்கு ஒரு மூடிய டப்பா தேட வேண்டும். மோட்டார் அறையில் பல்லி நடமாட்டம் அதிகம்.